டம்டம் தோட்டா

உடலில் பாய்ந்ததும் முனை விரிந்து பெருங்காயம் உண்டாக்கும் துப்பாக்கிக் குண்டு. கல்கத்தாவை அடுத்த டம்டம் படைக்கலச் சாலையில் 1890-களில் கேப்டன் பெர்டி-கிளே மேற்பார்வையில் உருவானது. லீ-மெட்ஃபோர்டு துப்பாக்கியின் முழு உறையிட்ட .303 குண்டு துளைத்துச் சென்றாலும் எதிரியை நிறுத்துவதில்லை என 1895 சித்ரால் போரில் எழுந்த புகாரே இதற்குக் காரணம். புதிய குண்டின் நுனியில் உறை சற்றே நீக்கப்பட்டு, ஈயம் வெளியே தெரிந்தது.

இதன் கொடுமைக்குச் சான்றாக, டியூபிங்கன் அறுவை மருத்துவர் பால் ஃபான் புருன்ஸின் சோதனைகள் காட்டப்பட்டன. அவர் சுட்டதோ ஈயம் மிகுதியாக வெளிப்பட்ட மௌசர் வேட்டைக் குண்டு. இதைச் சுட்டிக்காட்டிய பிரிட்டனின் மறுப்பு, சோதனை முறையைப் பொறுத்தவரை நியாயமானதே. எனினும் 1899 ஹேக் மாநாடு விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்தத் தடை விதித்தது. பிரிட்டன் 1907-இல் அதை ஏற்றது.