பிந்தி வரும் பெருநாள் வாழ்த்து

பெருநாள் கழிந்து நான்கைந்து நாட்கள் ஆனபின், "இனி வாழ்த்துச் சொன்னால் நன்றாயிருக்குமா?" என்ற தயக்கம் நம்மில் பலருக்கு எழுகிறது. நாள் தவறிவிட்டதே என்ற கூச்சத்தில் சிலர் அடுத்த பெருநாள் வரையிலும் உறவினரிடம் பேசாமலே இருந்துவிடுகின்றனர். இத்தயக்கத்துக்கு இடமுண்டா என்பதை வரலாற்றிடம் கேட்டுப் பார்ப்போம்.

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் ஒருமுறை ஷவ்வால் பிறை மதீனாவில் தென்படவில்லை. மக்கள் மறுநாளும் நோன்பு நோற்றிருந்தனர். பகலின் இறுதியில் ஒரு பயணக் கூட்டத்தார் வந்து, முந்தைய மாலையே தாங்கள் பிறை கண்டதாகச் சாட்சி கூறினர். உடனே நோன்பை விடுமாறும், மறுநாள் காலை பெருநாள் திடலுக்கு வருமாறும் நபியவர்கள் பணித்தார்கள். அபூதாவூத், இப்னுமாஜா ஆகிய நூல்களில் இச்செய்தி பதிவாகியுள்ளது. செய்தி பிந்தி வந்ததால் பெருநாள் தொழுகையே ஒருநாள் பிந்தி நடந்தது. ஆயினும் அது கைவிடப்படவில்லை.

இனி வாழ்த்தின் சொற்களைப் பார்ப்போம். நபித்தோழர்கள் பெருநாளில் சந்தித்துக்கொண்டால் "தகப்பலல்லாஹு மின்னா வ மின்க" என்று கூறுவர் என ஜுபைர் பின் நுஃபைர் அறிவிக்கிறார். "எங்களிடமிருந்தும் உம்மிடமிருந்தும் அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக" என்பது இதன் பொருள். இது ஒரு துஆ. ஒரு மாத நோன்பும் வணக்கமும் ஏற்கப்பட வேண்டுமென்ற வேண்டுதல் பெருநாள் மாலையோடு பொருளற்றுப் போய்விடுமா?

நம் முன்னோரின் வாழ்விலும் இதற்குச் சான்றுண்டு. பினாங்கு, சிங்கப்பூர், இரங்கூன், கொழும்பு என்று கடல் கடந்து வணிகம் செய்த தமிழ் முஸ்லிம்களின் கடிதங்கள், வான் அஞ்சல் பரவலாகும் முன்னர், கப்பலேறியே ஊர் வந்தன. பெருநாளன்று எழுதிய மடல் பெருநாளுக்குப் பல நாட்கள் கழித்தே வீட்டை எட்டும். அதனால் அதன் மதிப்பு குறைந்ததில்லை. பின்னாளில் இந்தியத் தந்தித்துறை வாழ்த்துத் தந்திகளுக்கென வகுத்த ஆயத்த வாசகங்களில் பெருநாள் வாழ்த்தும் இடம்பெற்றது. 2013 ஜூலையில் தந்திச் சேவையே நிறைவுற்றது. இன்று நொடியில் செய்தி சேர்வதாலேயே, சில நாள் தாமதமும் நமக்குப் பெருங்குற்றமாகத் தோன்றுகிறது.

முந்திச் சென்று வாழ்த்துவதற்குத் தனிச்சிறப்பு உண்டு என்பதும் மெய்யே. கஅப் பின் மாலிக் (ரலி) அவர்களின் தவ்பா ஏற்கப்பட்ட நாளில், தல்ஹா (ரலி) அவர்கள் எழுந்து விரைந்துவந்து கைகொடுத்து வாழ்த்தினார்கள். அதைத் தாம் ஒருபோதும் மறக்கவில்லை என்று கஅப் (ரலி) கூறியது புகாரியில் உள்ளது.

எனவே முடிந்தவரை முந்துவோம். பிந்திவிட்டால் வாய்மூடி இருந்துவிட வேண்டாம். தாமதத்துக்கு ஒரு வரியில் வருத்தம் தெரிவித்தால் போதும். பொய்க் காரணங்களை அடுக்க வேண்டியதில்லை. பின்னர் துஆவைச் சொல்லி, நலம் விசாரிக்கலாம். வாழ்த்தைப் பெறுபவரோ "இப்போதுதான் நினைவு வந்ததா?" என்று குத்திக் காட்டலாகாது. உங்களுக்கு முகமன் கூறப்பட்டால் அதைவிட அழகியதைக் கூறுங்கள், அல்லது அதையே திருப்பிக் கூறுங்கள் என்பது அந்நிஸா அத்தியாயத்தின் 86ஆம் வசனம் தரும் கட்டளை. பிந்தி வந்த வாழ்த்துக்கும் அது பொருந்தும்.

இந்தப் பெருநாளில் விடுபட்டுப்போன பெயர் எவருடையதேனும் உங்கள் நினைவில் இருந்தால், இன்றே அவரை அழையுங்கள். அல்லாஹ் நம் அனைவரின் நற்செயல்களையும் ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.