உரிமையாளர் பெயரும் வசிப்பிடமும்

பழைய தமிழ்ப் புத்தகங்களை மறுபதிப்புச் செய்யும் சிறிய பதிப்பகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். பாதி நேரம் மெய்ப்புத் திருத்தம். மீதி நேரம், ‘இதை அச்சிட யாரிடம் கேட்க வேண்டும்?’ என்று தேடுவது. 1885-இல் வெளிவந்த புத்தகம் என்றால் பெரும்பாலும் நூலகத்தில் உட்கார்ந்த இடத்திலேயே உரிமையாளரைக் கண்டுபிடித்துவிடுவேன். 1955-இல் வந்தது என்றால்தான் வயிறு கலங்கும். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் இதை நம்புவதில்லை.

காரணம் 1867-ஆம் ஆண்டின் 25-ஆவது சட்டம், அச்சகம் மற்றும் புத்தகப் பதிவுச் சட்டம். இந்தியர்கள் தடையில்லாமல் அச்சுக்கூடம் நடத்தலாம் என்றாகிவிட்டது 1835-இலேயே. 1857 கிளர்ச்சி முடிந்தபின், சுதேசிகள் என்னதான் அச்சடிக்கிறார்கள், எதைப் படிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் கவலை அரசாங்கத்துக்கு வந்தது. பாதிரியார் ஜான் மர்டாக் 1865-இலேயே அச்சான தமிழ் நூல்களுக்கு ஒரு பட்டியல் போட்டிருந்தார். சட்டம் அந்த வேலையை அரசாங்கக் கடமையாக்கியது. புத்தகம் வெளிவந்த ஒரு மாதத்துக்குள் அச்சிட்டவர் பிரதி கொடுத்தாக வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசிதழில் பட்டியல் வரும். தலைப்பு, மொழி, ஆசிரியர், பொருள், அச்சுக்கூடம், பக்கங்கள், அளவு, எத்தனையாவது பதிப்பு, எத்தனை பிரதி, அச்சா கல்லச்சா, விலை எல்லாம் அதில் இருக்கும். சட்டம் கேட்ட விவரங்களில் கடைசியாக நிற்பதுதான் எனக்குச் சோறு போடுவது: பதிப்புரிமை உடையவரின் பெயரும் வசிப்பிடமும்.

எழுத்தாளர் நலனுக்காக யாரும் இதைச் செய்யவில்லை. சந்தேகத்தில் பிறந்த கணக்கு இது. ஆனாலும் இரண்டு ரூபாய் கட்டினால், 1847-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி பதிவு செய்ததாகவே இந்தப் பட்டியல் பதிவை எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பதிவு இல்லாமல் திருட்டுப் பதிப்புக்காரன்மேல் வழக்குப் போட முடியாது. எனவே கட்டியவர்கள் உண்டு.

அந்தக் காலத்து முகப்புப் பக்கங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பட்டியலின் அருமை புரியும். இன்னார் இயற்றியதை, இன்னார் பார்வையிட்டு, இன்னார் வேண்டுகோளின்படி, இன்னாருடைய அச்சுக்கூடத்தில் பதிப்பித்தது என்று நான்கு பெரியவர்கள் வரிசையாக நிற்பார்கள். புத்தகம் யாருடையது என்று மட்டும் தெரியாது. பட்டியலைத் திறந்தால் உரிமை சில சமயம் அச்சுக்கூடத்துக்காரர் பெயரிலோ புத்தகக் கடைக்காரர் பெயரிலோ இருக்கும். எழுதிய புலவர் கையில் அன்றைக்கு என்ன கிடைத்தது என்பதைப் பட்டியல் சொல்லாது.

பெயர் கிடைத்ததோடு வேலை முடியாது; எத்தனை ஆண்டு என்று கணக்குப் போட வேண்டும். மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879-இல் வெளிவந்தது. அவர் மறைந்தது 1889-இல். 1847 சட்டப்படி, வெளியானதிலிருந்து 42 ஆண்டு அல்லது ஆசிரியர் ஆயுளும் அதன்மேல் ஏழு ஆண்டும், இவற்றில் எது நீண்டதோ அது. அப்படிப் பார்த்தால் 1921-இல் முடிந்திருக்க வேண்டும். இடையில் 1914 சட்டம் வந்து ஆயுளோடு ஐம்பது ஆண்டு என்றாக்கியது. உயிரோடிருந்த பழைய உரிமைகளும் நீண்டன. ஆக 1939. இதில் எனக்குப் பிடித்த ஒரு நுணுக்கம் உண்டு. ஆசிரியர் முன்பே விற்றிருந்தாலும், பழைய கெடு முடியும் நாளில் கூடுதல் ஆண்டுகள் ஆசிரியர் பக்கத்துக்கே திரும்பும். இந்தச் செய்தி எத்தனை குடும்பங்களுக்கு எட்டியிருக்கும்?

அதே 1914 சட்டம்தான் என் வேலையைக் கெடுத்ததும். எழுதினாலே உரிமை உண்டு, பதிவு தேவையில்லை என்றாகிவிட்டது. எழுத்தாளருக்கு அது நியாயம்தான். ஆனால் இரண்டு ரூபாய் கட்டிப் பெயரும் முகவரியும் எழுதிவைக்கும் தேவை போய்விட்டது.

அதற்குப் பிறகு உரிமை எப்படியெல்லாம் சிதறும் என்பதற்குப் பாரதியே சாட்சி. 1921-இல் அவர் மறைந்தார். மறு ஆண்டே செல்லம்மாள் ‘சுதேச கீதங்கள்’ வெளியிட்டார். பின்னர் நூல் உரிமை தம்பி விசுவநாத ஐயரிடம் போனது. ஒலிப்பதிவு உரிமை மட்டும் தனியே கைமாறி ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. ‘பில்ஹணன்’ படத்தில் டி.கே. சண்முகம் பாரதி பாடலைச் சேர்த்தபோதுதான், பாட்டுக்கு ஒரு சொந்தக்காரர் இருப்பது ஊருக்கே தெரிந்தது. 1949-இல் சென்னை மாகாண அரசு உரிமையை வாங்கியது. செட்டியார் தம் பங்கைப் பணம் பெறாமலே கொடுத்தார். இல்லாவிட்டால் உரிமைக் காலம் முடிய 1971 வரை காத்திருக்க வேண்டும். இந்தக் கதையை ஆ.இரா. வேங்கடாசலபதி தனிப் புத்தகமாகவே எழுதியிருக்கிறார்.

மற்றவர்களுக்கு இத்தகைய வரலாற்றாசிரியர் வாய்க்கவில்லை. 1954-இல் வந்த சட்டம் கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்குப் பிரதி அனுப்பச் சொன்னது; உரிமை யாருடையது என்று கேட்கவில்லை. 1957 சட்டத்தின்கீழ்ப் பதிவு விருப்பம் இருந்தால் மட்டும். ஐம்பது ஆண்டு 1992-இல் அறுபதானது. தாகூரின் நூல்களுக்கு உரிமை முடியப்போன வேளை அது. 1955-இல் ஒரு நாவல் எழுதி 1980-இல் இறந்த ஒருவரின் உரிமை 2040 வரை யாரிடமோ இருக்கிறது. முதலில், அரசு உரிமையை வாங்கிப் பொதுவாக்கிய நாட்டுடைமை நூல்களின் பட்டியலைப் பார்ப்பேன். அதிலும் ஆசிரியரின் எழுத்துக்குத்தான் விடுதலை. உள்ளே ஓவியம் வரைந்தவருக்கு வேறு கணக்கு. பிறகு வாரிசுகள். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் வீடு, தோப்பு, நகை எல்லாம் வரும். புத்தகம் வந்து நான் பார்த்ததில்லை. “கிணத்துத் தண்ணிக்கே முறை எழுதியிருக்கோம்மா, தாத்தா கதைக்கு யார் எழுதுவா?” என்று ஒரு பேரன் தொலைபேசியில் சிரித்தார். அவர் கையெழுத்துப் போட்டார். அவருடைய அத்தை பிள்ளைகள் இருவர் இன்னும் போடவில்லை.

யாரையுமே கண்டுபிடிக்க முடியாவிட்டால் சட்டத்தின் 31அ பிரிவு வழி சொல்கிறது: நாளிதழில் அறிவிப்புக் கொடுத்து, கட்டாய உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். முந்நூறு பிரதி போடும் பதிப்பகத்துக்கு விளம்பரச் செலவே புத்தகச் செலவைத் தாண்டும். அதனால் பல நல்ல நாவல்கள் எங்கள் அலமாரியிலேயே ஒளிநகலாகக் கிடக்கின்றன.

1867 சட்டமும் இப்போது இல்லை. அதன் இடத்தில் 2023-இல் இயற்றிய சட்டம் பருவ இதழ்களுக்கு மட்டுமானது. கண்காணிப்பு ஒழிந்ததில் எனக்கு வருத்தமில்லை. புத்தகத்துக்கு, உரிமையாளர் பெயரைக் கேட்ட அந்தக் கடைசிக் கட்டத்தையாவது வேறு எங்கேனும் வைத்திருக்கலாம்.