பழவேற்காட்டுக் கைலி

சென்ற வாரம் ஆழ்வார்பேட்டையில் நடந்த நிக்காஹ் விருந்துக்கு மலேசியாவிலிருந்து உறவினர் ஒருவர் வந்திருந்தார். தொழுகைக்குத் தாம் உடுத்தும் கட்டம் போட்ட கைலியை அவர் 'காயின் பெலிகாட்' என்றார். காயின் என்றால் துணி. பெலிகாட் என்பது சென்னைக்கு வடக்கே உள்ள நம் பழவேற்காடுதான். அவருக்கு அது தெரியவில்லை. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கிராம்பும் ஜாதிக்காயும் விளைந்த கீழைத் தீவுகளின் மக்கள், வெள்ளிக் காசைவிடச் சோழமண்டலக் கரையின் துணியையே விரும்பினர். அங்கே நறுமணப் பொருள், இங்கே தறி. இந்த வேற்றுமையை நன்கறிந்த தமிழ் முஸ்லிம் வணிகர்கள் நெடுங்காலமாக மலாக்காவுக்குத் துணி ஏற்றிச் சென்றனர். 1511இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைக் கைப்பற்றினர். அவர்களுடைய அனுமதிச் சீட்டில்லாத கப்பல்கள் பறிமுதலாயின. முஸ்லிம் வணிகர் பலர் அச்சே முதலிய துறைகளுக்கு மாறினர்.

ஆழ்வார்பேட்டைக்கு அருகிலுள்ள சாந்தோமும் அன்று போர்த்துக்கீசியர் கையில்தான் இருந்தது. 1610இல் விஜயநகர மன்னர் வேங்கடபதியின் இசைவுடன் டச்சுக்காரர் பழவேற்காட்டில் நிலைகொண்டனர். 1612இல் சாந்தோமிலிருந்து சென்ற படை அவர்களுடைய பண்டகசாலையை அழித்தது. மறு ஆண்டே கெல்டிரியா கோட்டை எழுந்தது. துணி வாங்க வந்தவருக்குப் பீரங்கி எதற்கு என்று நெசவாளர் வியந்திருக்கக் கூடும்!

1786இல் ஆங்கிலேயர் பினாங்கில் குடியேறி, அதைச் சுங்கவரி இல்லாத துறைமுகமாகத் திறந்துவிட்டனர். நம்மவர் திரளாகச் சென்றனர். அங்கே காதர் முகைதீன் 1801இல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் இன்றும் தொழுகை நடைபெறுகிறது. பழவேற்காடோ 1825இல் ஆங்கிலேயர் வசமாயிற்று.

உறவினர் ஊர் திரும்புமுன் அவரை அங்கு அழைத்துச் செல்வதாகச் சொல்லியிருக்கிறேன். டச்சுக்காரர் கல்லறைகள் இன்னும் இருக்கின்றன.