குடும்ப அவசரகால வாக்கி-டாக்கி

புயலிலும் வெள்ளத்திலும் நிலநடுக்கத்திலும் கைப்பேசி முடங்கிவிட்டால், ஒரு வீட்டார் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்காக இருவழி வானொலிக் கருவிகளை முன்கூட்டியே வாங்கிப் பழகி வைத்திருப்பது குடும்ப அவசரகால வானொலித் தொடர்பு எனப்படும். கைப்பேசிக் கோபுரம் இயங்க மின்சாரம் வேண்டும். மின்சாரம் நின்றால் பேட்டரியும் டீசல் ஜெனரேட்டரும் தாங்கும்வரைதான் அது உயிரோடிருக்கும். வாக்கி-டாக்கிக்குக் கோபுரமே தேவையில்லை. ஒரு கருவியின் அலை நேராக மற்றொன்றைச் சென்றடைகிறது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது அந்தமான் நிக்கோபார் தீவுகளில் தொலைபேசிகள் செயலிழந்தன. உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காகப் பேசுவோரின் ஹாம் வானொலித் தொடர்புக்காக டெல்லியிலிருந்து வந்து போர்ட் பிளேரில் தங்கியிருந்த பாரதி பிரசாத்தும் குழுவினரும், தீவில் இருந்தவர்களின் நலச்செய்திகளைத் தங்கள் கருவிகள் வழியே நிலப்பகுதிக்கு அனுப்பினர். அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் சிற்றலைகள்தான் கடல் தாண்டிச் செல்ல உதவின. கையடக்க வாக்கி-டாக்கியால் இந்த வேலையைச் செய்ய முடியாது. ஆகவே யாரோடு, எவ்வளவு தொலைவுக்குப் பேச வேண்டும் என்பதை முடிவு செய்த பிறகே கருவியைத் தேட வேண்டும்.

எட்டும் தொலைவு

கையடக்கக் கருவிகளின் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. 1.5 மீட்டர் உயரத்தில் கருவியைப் பிடித்தபடி திறந்த சமவெளியில் நிற்கும் இருவருக்கு, பூமியின் வளைவு அனுமதிக்கும் எல்லை சுமார் 10 கி.மீ. ஒருவர் 20 மீட்டர் உயர மொட்டைமாடிக்கு ஏறினால் அது சுமார் 23 கி.மீ. ஆகிறது. கான்கிரீட் சுவர்களும் மரங்களும் நிறைந்த ஊருக்குள் குறைந்த திறன் கருவிகள் ஓரிரு கிலோமீட்டர் எட்டினாலே அதிகம். அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் பெரிய எண்களை நம்பாமல், வீட்டிலிருந்து பள்ளிக்கும் கடைத்தெருவுக்கும் நடந்துபோய்ப் பேசிப் பார்ப்பதே சரியான சோதனை.

சட்டமும் உரிமமும்

இந்தியாவில் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டும் இயங்கும் குறைந்த திறன் வாக்கி-டாக்கிகளுக்கு 2018 விதிகளின்படி உரிமம் தேவையில்லை. ஆனால் அந்த மாதிரிக்கு அரசின் கருவி வகை ஒப்புதல் இருக்க வேண்டும். இணையக் கடைகளில் ஒப்புதலற்ற கருவிகள் விற்கப்படுவதைத் தடுக்க 2025இல் வழிகாட்டு நெறிகள் வந்தன. மலிவாகக் கிடைக்கும் பாவ்ஃபெங் யூவி-5ஆர் போன்ற கருவிகள் பரந்த அலைவரிசையில் இயங்குபவை. உரிமமின்றி அவற்றில் பேசுவது குற்றம். துரையா, இரிடியம் சாட்டிலைட் போன்களை அனுமதியின்றி வைத்திருக்கவும் கூடாது.

வேறு மாவட்டத்து உறவினரை எட்ட வேண்டுமானால் ஹாம் உரிமமே வழி. 12 வயது நிரம்பிய எவரும் தேர்வு எழுதி அதைப் பெறலாம்.

அமெரிக்காவில் ஏற்பாடு வேறு. அங்கே எஃப்.ஆர்.எஸ். எனப்படும் குடும்ப வானொலிச் சேவைக் கருவிகளுக்கு உரிமமே வேண்டாம். ஜி.எம்.ஆர்.எஸ். எனப்படும் பொது நடமாடும் வானொலிச் சேவைக்கு உரிமம் வேண்டும், ஆனால் தேர்வு கிடையாது. 35 டாலர் கட்டணத்தில் ஒருவர் பெறும் 10 ஆண்டு உரிமத்தில் அவருடைய பெற்றோர், துணைவர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் எல்லோரும் பேசலாம். அலையை வாங்கி மீண்டும் அனுப்பும் ரிப்பீட்டர் வழியாகத் தொலைவைக் கூட்டிக்கொள்ளவும் அதில் இடமுண்டு.

வாங்கும்போதும் பழகும்போதும்

கடையில் கிடைக்கும் ஏஏ பேட்டரியிலும் ஓடும் கருவி, மின்வெட்டு நாள்கணக்கில் நீளும்போது கைகொடுக்கும். 'பிரைவசி கோட்' என்ற வசதி பிறர் பேச்சு நம் காதில் விழாமல் வடிகட்டுமே தவிர, நம் பேச்சை மறைக்காது. வீட்டு முகவரி, பணம் பற்றியெல்லாம் அதில் பேசலாகாது. பொத்தானை அழுத்தி ஒரு விநாடி கழித்தே பேச வேண்டும். இல்லாவிட்டால் முதல் சொல் விழுங்கப்படும். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் இது இரண்டொரு முறை பழகினால்தான் வரும்.

பேசும்போது செலவாகும் மின்சாரம், கேட்கும்போது ஆவதைவிடப் பல மடங்கு. அதனால் முதன்மைச் சேனல், மாற்றுச் சேனல், கருவியைத் திறந்துவைக்கும் நேரம் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி ஒவ்வொரு கருவியோடும் வைப்பது நல்லது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கேட்பது ஹாம் வானொலியாளரிடையே வழக்கத்தில் உள்ள ஒரு முறை.