டோல்னி வெஸ்டோனிட்சே: ஒரு சிற்றூரின் வரலாறு

மாணவ நண்பர்களே, ஐரோப்பாக் கண்டத்தின் படத்தை எடுத்து விரித்துக்கொள்ளுங்கள். டான்யூப் ஆற்றங்கரையில் வியன்னா நகரைக் காணுங்கள். அங்கிருந்து விரலை வடக்கு நோக்கிச் சிறிது நகர்த்தினால், ஆஸ்திரியாவின் எல்லை முடிந்து செக் குடியரசின் கிழக்குப் பகுதியாகிய மொரேவியா தொடங்கும். அப்பகுதியின் பெருநகரம் ப்ர்னோ. அதற்குத் தெற்கே சுமார் 35 கிலோமீட்டர் தொலைவில் டோல்னி வெஸ்டோனிட்சே என்றொரு சிற்றூர் உண்டு. உங்கள் படத்தில் அதன் பெயர் இராது. அங்கு வாழ்வோர் ஏறத்தாழ முந்நூறு பேர். ஆயினும் அது தனி ஊராட்சி. டோல்னி என்ற செக் மொழிச் சொல்லுக்குக் கீழ் என்பது பொருள். மேல் வெஸ்டோனிட்சேயும் பக்கத்திலேயே உண்டு. நம் நாட்டில் மேலூர், கீழூர் என்று வழங்குகிறோமே, அதைப் போலத்தான்.

ஊரின் முதுகுப்புறம் பாலவா என்னும் சுண்ணாம்புக் குன்றுகள் நிற்கின்றன. பழங்காலக் கடலின் அடியிற் படிந்த பாறை அது. அவற்றுள் உயர்ந்ததாகிய தெவீன் சிகரம் சுமார் 550 மீட்டர் உயரமே ஆனாலும், சுற்றிலும் சமவெளியாதலால் நெடுந்தொலைவிலிருந்தே கண்ணுக்குத் தெரியும். ஊரின் முன்புறம் டியே என்னும் ஆறு. அது மொராவா ஆற்றிற் கலந்து, அதன் வழியே டான்யூபை அடைகிறது. குன்றுக்கும் ஆற்றுக்கும் இடைப்பட்ட சரிவில் இன்று திராட்சைத் தோட்டங்கள் இருக்கின்றன. பாலவா என்ற குன்றின் பெயரையே ஒரு திராட்சை வகைக்கும் இட்டிருக்கிறார்கள்.

அந்தச் சரிவின் மண்ணைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். இவ்வூரின் வரலாற்றுக்கு அதுவே அடிப்படை. பனியூழியில் வட ஐரோப்பாவைப் பெரும் பனிப்பாளங்கள் மூடியிருந்த காலத்து, மரமற்ற வெளிகளில் வறண்ட காற்று ஓயாமல் வீசியது. அது வாரிக்கொண்டு வந்த நுண்ணிய மஞ்சட் புழுதி இக்குன்றுகளின் அடிவாரத்திற் படிந்தது. புவியியலார் இதனை லோயஸ் மண் என்பர். குளிர் கடுமையானபோது புழுதி படிந்தது; குளிர் தணிந்தபோது அதன்மேற் புல் முளைத்துக் கரிய மண் உண்டாயிற்று. மீண்டும் புழுதி, மீண்டும் கரிசல். ஊரின் பழைய செங்கற் சூளைக்காக மண் வெட்டிய இடத்தில், இந்த அடுக்குகள் ஏட்டுச் சுவடியின் இதழ்கள் போல ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிகின்றன. ஒரு இலட்சம் ஆண்டுக்கு மேற்பட்ட காலம் அந்தச் சுவரில் அடங்கியிருக்கிறது. காலங்களின் நாட்காட்டி என்று அவ்விடத்துக்குப் பெயரிட்டுக் காத்து வருகின்றனர். சுண்ணச் சத்து மிகுந்த இம்மண்ணில் எலும்பு எளிதிற் கரைவதில்லை. இதனை மறவாதீர்கள்.

1924-ஆம் ஆண்டு முதல் காரெல் அப்சொலோன் என்னும் அறிஞர் இங்கே அகழ்வு நடத்தினார். மாமத் என்னும் சடைமயிர் யானைகளின் எலும்புக் குவியல்களும், கல்லாயுதங்களும், அடுப்புகளும் வெளிப்பட்டன. 1925 ஜூலை 13-ஆம் நாள், ஓர் அடுப்பின் சாம்பலுக்கிடையே இரண்டு துண்டுகளாக ஒரு சிறு மண்பொம்மை கிடைத்தது. பொருத்திப் பார்த்தபோது அது ஒரு பெண்ணின் உருவம். உயரம் 11 சென்டிமீட்டரை ஒட்டியது, உள்ளங்கையில் அடங்கிவிடும். பருத்த உடல், முகத்திற் கண்களைக் குறிக்க இரண்டு கீறல்கள் மட்டுமே. வெஸ்டோனிட்சே வீனஸ் என்று உலகம் இன்று அதனை அறியும்.

அதன் பெருமை அழகில் இல்லை. அது சுட்ட மண்ணாலானது என்பதே பெருமை. ஏறத்தாழ 30,000 ஆண்டுகளுக்கு முன், உழவு தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே, வேட்டையாடி வாழ்ந்த மக்கள் மண்ணைப் பிசைந்து உருவமாக்கித் தீயிலிட்டுச் சுட்டிருக்கிறார்கள். உழவோடும் நிலையான குடியிருப்போடும் பிறந்ததே சுடுமண் தொழில் என்று நானே வகுப்பில் ஆண்டுதோறும் கற்பித்திருக்கிறேன்.  அது பொருந்தாது என்பதைப் பின்னரே அறிந்துகொண்டேன். இம்மக்கள் விலங்குருவங்கள் பல செய்தார்கள், பானை செய்யவில்லை. ஏன் என்று கேட்பீர்கள். ஓரிடத்தில் நில்லாது திரிபவர்களுக்குப் பானை சுமையன்றோ? இஃது என் கருத்து மட்டுமே.

2004-ஆம் ஆண்டு அந்த வீனஸ் உருவத்தைக் கருவிகொண்டு நுணுகி ஆராய்ந்தபோது, அதன்மேல் ஒரு விரற்பதிவு தென்பட்டது. அது 7 முதல் 15 வயதுக்குட்பட்ட ஒரு பிள்ளையின் விரல். அப்பிள்ளையே அதனைச் செய்திருக்கும் என்று அறிஞர்கள் கருதவில்லை. ஈரம் காயுமுன் யாரோ ஒரு சிறுவனோ சிறுமியோ கையில் எடுத்துப் பார்த்திருக்கவேண்டும். வேண்டாம் என்று சொன்ன பொருளைத் தொட்டுப் பார்க்கும் வழக்கம் எவ்வளவு பழமையானது பாருங்கள்!

பின்வந்த நூற்றாண்டுகளை விரைந்து கடப்போம். டான்யூபிலிருந்து வடக்கே செல்லும் இயற்கை வழி இது. யானைக் கூட்டங்கள் சென்ற வழியிற் பின்னர்ப் படைகள் சென்றன. மார்க்கஸ் அரேலியஸ் பேரரசர் காலத்தில், கி.பி. 172-க்கும் 180-க்கும் இடையில், ரோமர்கள் அண்டையிலுள்ள முஷோவ் அருகே ஒரு மேட்டில் அரண் அமைத்தார்கள். இடைக்காலத்திற் குன்றின்மேல் தெவிச்கி என்னும் கோட்டை எழுந்தது. 17-ஆம் நூற்றாண்டில் முப்பதாண்டுப் போரின் இறுதிக் கட்டத்தில் அது சுவீடியப் படையின் கையிற் சிக்கி எரிந்தது. அதன் சிதைந்த சுவர்கள் இன்றும் மேலே தெரிகின்றன.

நெடுங்காலமாக இவ்வூரில் வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் செருமானிய மொழி பேசியவர்கள். அவர்கள் ஊரை உன்டர் விஸ்டர்னிட்ஸ் என்று அழைத்தனர். 1918-இல் செக்கோஸ்லோவேகியா பிறந்தபோது அவர்கள் அந்நாட்டின் குடிகளாயினர். 1938 செப்டெம்பரில் மியூனிக் உடன்பாடு கையெழுத்தாயிற்று. அதன்படி இப்பகுதி ஹிட்லரின் செருமனிக்குப் போயிற்று. போர்க்காலத்திலும் புதிய ஆட்சியினர் இங்கே அகழ்வு நடத்தினர். கிடைத்த பொருள்களிற் பெரும்பகுதியையும், மொரேவியாவின் மற்றோர் ஊராகிய ப்ரெட்மோஸ்தியிற் கிடைத்த இருபதுக்கு மேற்பட்ட பழங்கற்கால மாந்தரின் எலும்புகளையும், பாதுகாப்புக்காக அருகிலிருந்த மிகுலோவ் கோட்டை மாளிகையில் வைத்தனர். 1945 ஏப்ரலில், போர் முடியச் சில நாட்களே இருந்தபோது, அம்மாளிகை தீப்பற்றி எரிந்தது. இருபத்தையாயிரம் ஆண்டுக்கு மேலாக மண் காத்துத் தந்தவை அத்தீயில் அழிந்தன. பழைய நிழற்படங்களையும் அச்சுவார்ப்புகளையும் வைத்துக்கொண்டே ப்ரெட்மோஸ்தி மாந்தரை இன்று ஆராய வேண்டியிருக்கிறது. வீனஸ் அங்கே வைக்கப்படாததாற் பிழைத்தது.

போருக்குப் பின் செக்கோஸ்லோவேகியாவின் செருமானியர் ஏறத்தாழ முப்பது இலட்சம் பேர் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். இவ்வூரின் குடும்பங்களும் அவ்வாறே சென்றன. ஹிட்லரை ஆதரித்தவரும் ஆதரிக்காதவரும் ஒரே ஆணையின்கீழ்ப் போக நேர்ந்தது. வீடுகளிற் செக் மொழி பேசும் புதியவர்கள் குடியேறினர். ஊரின் பெயர் இருக்கிறது, கோயில் இருக்கிறது, கொடியும் காய்க்கிறது; தாத்தாவின் தாத்தா இங்கே பிறந்தார் என்று சொல்லக்கூடியவர்கள் வேறு நாட்டில் இருக்கிறார்கள். இதனை நியாயம் என்றோ அநியாயம் என்றோ ஒரு சொல்லில் முடிக்க என்னால் இயலவில்லை.

அடுத்து வந்தது நீர். 1975-க்கும் 1989-க்கும் இடையில் டியே ஆற்றில் மூன்று நீர்த்தேக்கங்கள் கட்டினர். வெள்ளத்தைத் தடுப்பதும் பாசனமும் நோக்கம். ஆற்றோரக் காடுகளும் புல்வெளிகளும் மூழ்கின. முஷோவ் என்ற ஊர் முழுவதுமே நீருக்குள் போயிற்று.

ஆனால், அணைக்கு வேண்டிய மண்ணை வெஸ்டோனிட்சேயின் சரிவில் வெட்டியபோது, 1986-இல் ஒரு கல்லறை வெளிப்பட்டது. மூன்று இளைஞர்கள் அருகருகே கிடத்தப்பட்டிருந்தனர். தலையருகே செம்மண் தூவியிருந்தது. நடுவிலிருந்தவர் உடற்குறையுடன் வளர்ந்தவர். அவர் பெண்ணாக இருக்கலாம் என்று பலர் நெடுநாள் எண்ணினர். 2016-இல் வெளிவந்த மரபணு ஆராய்ச்சி மூவரும் ஆண்களே என்று காட்டிற்று. எலும்பே கோணிய ஒருவர் வேட்டைக் கூட்டத்தில் இளமைப் பருவம் வரை வாழ்ந்திருக்கிறார் என்றால், அவருக்கு உணவு கொடுத்தவர்களும் அவரைக் காத்தவர்களும் இருந்தார்கள் என்பது வெளிப்படை. அணை கட்டாதிருந்தால் அந்த மூவரும் இன்னும் மண்ணுக்குள்ளேயே இருந்திருப்பார்கள்.

இவ்வூரின் பெயரைத் தாங்கிய நடு ஏரியில் இன்று படகிற் செல்வோர், நீர் நடுவே சிறு தீவொன்றையும் அதன்மேல் ஒரு பழைய கோயிலையும் காண்பர். அது மூழ்கிப்போன முஷோவின் லெனார்டு அடியார் கோயில்.