பள்ளி ஓவிய வகுப்பு: சாத்தூர் வட்டாரம்

பள்ளி ஓவிய வகுப்பு என்பது வாரத்தில் ஒன்றிரண்டு பாடவேளைகளில் கோடு, வடிவம், நிறம் ஆகியவற்றைக் கைப்பழக்கமாகக் கற்றுத்தரும் வகுப்பு. மாணவர்கள் இதை 'டிராயிங் பீரியட்' என்பார்கள். பொதுத் தேர்வில் இதற்கு மதிப்பெண் இல்லை. அதனால் பல பள்ளிகளில் கணக்குப் பாடம் முடியாதபோது முதலில் பறிபோவது இந்த வகுப்புதான். விருதுநகர் மாவட்டத்துச் சாத்தூரில் அப்படிப் பறிபோவது பெரிய இழப்பு. ஒரு பக்கம் சிவகாசியும் இன்னொரு பக்கம் கோவில்பட்டியும் இருக்க, படத்தை நம்பியே பிழைக்கும் தொழில்களுக்கு நடுவில் இருக்கிறது இந்த ஊர். தீப்பெட்டி லேபிள், பட்டாசுப் பெட்டியின் மேல்தாள், காலண்டர் எல்லாமே ஒரு காலத்தில் யாரோ ஒருவர் பென்சிலால் போட்ட கோட்டிலிருந்து தொடங்கியவை.

முதல் வகுப்புகள்

ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளை கொண்டுவர வேண்டியது கொஞ்சம்தான்: கோடு போடாத ஓவிய நோட்டு, எச்.பி. பென்சில் ஒன்று, நிழல் தீட்ட 2பி அல்லது 4பி பென்சில், ரப்பர். ஸ்கேலை முதல் சில வாரங்கள் பைக்குள்ளேயே வைக்கச் சொல்வார்கள். நேர்கோடும் வட்டமும் வெறுங்கையால் வர வேண்டும். மணிக்கட்டை மட்டும் அசைத்தால் கோடு குட்டையாகவும் நடுங்கியும் வரும். முழங்கையிலிருந்து கையை வீசிப் பழகினால் கோடு நீளும்.

"பிடித்ததை வரை" என்று சொன்னால் பெரும்பாலான பிள்ளைகள் ஒரே படத்தைத்தான் வரைவார்கள். இரண்டு முக்கோண மலை, நடுவில் உதிக்கும் சூரியன், ஓர் ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை. சாத்தூர் கரிசல் பூமியில் அப்படியொரு மலை பக்கத்தில் கிடையாது. வைப்பாறு வருடத்தில் பல மாதம் மணலாகவே கிடக்கும். நல்ல டிராயிங் சார் இந்தப் படத்தை அடித்துவிட மாட்டார். "உங்க தெருவுல என்னடா இருக்கு?" என்று கேட்பார். அடுத்த வாரம் பனைமரமும் வேலிக்கருவேலும் தண்ணீர்க் குழாயடியில் வரிசையாக நிற்கும் பிளாஸ்டிக் குடங்களும் நோட்டில் ஏறும். மனத்தில் பதிந்த படத்தை விட்டுக் கண்முன் இருப்பதைப் பார்க்கத் தொடங்குவதுதான் இந்த வகுப்பில் நடக்கும் முதல் பெரிய மாற்றம்.

அடுத்து வரும் மாதிரி வரைதலில் இது இன்னும் தெளிவாகும். மேசை மேல் ஒரு செம்புக் குடத்தை வைத்துவிட்டு வரையச் சொல்வார்கள். குடத்தின் வாய் வட்டம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் எல்லோரும் வட்டமே போடுவார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் அது வட்டமாகத் தெரிவதில்லை. நீள்வட்டமாகத் தெரியும், கண் மட்டத்துக்குக் குடத்தின் வாய் உயர உயர அந்த நீள்வட்டம் ஒடுங்கி, கடைசியில் ஒரு கோடாகிவிடும். தெரிந்ததை வரையாமல் தெரிவதை வரைய ஒரு பிள்ளைக்குச் சில வாரங்கள் ஆகலாம். அவசரப்படுத்தக் கூடாத பாடம் இது.

கட்டம் போடுதல்

சின்னப் படத்தைப் பெரிதாக்கக் கற்றுத்தரும் முறை, கட்டம் போடுதல். மூலப் படத்தின் மேல் ஒரு சென்டிமீட்டர் கட்டங்கள், சார்ட் அட்டையில் நான்கு சென்டிமீட்டர் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் கோடு எந்த மூலையில் நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்பதை மட்டும் பார்த்துப் போட்டால் முழுப் படமும் விகிதம் மாறாமல் வந்துவிடும். நாடகத் திரைச்சீலையிலும் சினிமா பேனரிலும் பெரிய உருவங்களைக் கொண்டுவந்ததும் இந்தக் கட்டம்தான்.

இந்த வட்டாரத்தின் ஓவிய வரலாறே ஒரு நாடகத் திரையிலிருந்து கிளம்பியது. மயிலாப்பூரில் 1898இல் பிறந்த கொண்டையராஜு சென்னை ஓவியப் பள்ளியில் படித்தார். திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் சில காலம் இருந்தார். பிறகு நாடகக் குழு ஒன்றுக்குத் திரை எழுதினார். அந்தக் குழு கோவில்பட்டியில் கலைந்தபோது அவர் அங்கேயே தங்கிவிட்டார். 1976இல் மறையும்வரை அவர் எழுதிய முருகனும் லட்சுமியும் சிவகாசியில் அச்சாகிக் காலண்டர்களாக வீடு வீடாகப் போயின. அவற்றில் பல பூஜை அறைச் சுவரிலேயே நிலைத்துவிட்டன. டி. எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம் போன்றோர் அவரிடம் பயின்றவர்கள். அவருடைய பட்டறையில் பாடநூல் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் படிப்பதுதான் படிப்பு.

நிறம்

வண்ணப் பாடம் சிவப்பு, மஞ்சள், நீலத்தில் தொடங்கும். மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சை, சிவப்பும் மஞ்சளும் சேர்ந்தால் ஆரஞ்சு. வாட்டர் கலரில் வெள்ளையை அள்ளிப் பூசாமல் தாளின் வெள்ளையையே விட்டுவைக்கப் பழக்குவார்கள்.

சாத்தூர்ப் பிள்ளைக்கு இங்கே ஒரு குழப்பம் வரும். வீட்டில் அப்பாவோ சித்தப்பாவோ அச்சகத்தில் வேலை பார்த்தால் மூல நிறங்கள் சியான், மெஜந்தா, மஞ்சள், கூடவே கறுப்பு என்று கேட்டிருக்கும். இரண்டும் சரிதான். ஆப்செட் இயந்திரம் நிறங்களைக் கலப்பதில்லை. நுண்ணிய புள்ளிகளாகப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது, கலக்கும் வேலையைக் கண் செய்கிறது. ஒரு பூதக்கண்ணாடியை வகுப்புக்குக் கொண்டுவந்து காலண்டர் முருகனின் கன்னத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னால் போதும். ரோஜா நிறம் மறைந்து மெஜந்தா, மஞ்சள் புள்ளிகள் தெரியும். ஒரு நிறம் கொஞ்சம் விலகி விழுந்த தாளில் சாமியின் உதடு இரட்டையாகத் தெரியும். எந்தப் பாடநூலும் இதைவிடத் தெளிவாக நிறத்தை விளக்காது. ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு பூதக்கண்ணாடியாவது இருக்க வேண்டும்.

தீபாவளி நெருங்கும்போது வானவெடி வரைவது இங்கே வழக்கமான பயிற்சி. கிரேயானால் அழுத்திப் பூத்தெறிப்புகளை வரைந்துவிட்டு மேலே கறுப்பு வாட்டர் கலரை நீர்க்கத் தடவினால் மெழுகு நீரை ஏற்காது. இரவு வானத்தில் வெடிகள் மட்டும் ஒளிரும். பட்டாசின் நிறம் வரும் வழி வேறு. ஸ்ட்ரான்ஷியம் உப்பு எரிந்தால் சிவப்பு, பேரியம் பச்சை, செம்பு நீலம். தாளில் சிவப்பும் பச்சையும் கலந்தால் மங்கிய பழுப்பு. வெளிச்சத்தில் அவை கலந்தால் மஞ்சள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைச் சொல்லிவிட்டால் அறிவியல் வகுப்புக்கும் இங்கிருந்தே வழி பிறக்கும்.

மற்றப் பயிற்சிகள்

வெண்டைக்காயை வெட்டி அச்சுப் பதித்தல், நூலை வண்ணத்தில் நனைத்து இழுத்தல், களிமண் உருவம், புள்ளிக் கோலத்திலிருந்து வடிவமைப்பு ஆகியவையும் உண்டு. கோலம் தெரிந்த பிள்ளைகள் வடிவமைப்பில் எப்போதும் ஒரு படி முன்னால் நிற்பார்கள். களிமண் வகுப்பின்போது சொல்ல வேண்டிய செய்தி பக்கத்திலேயே இருக்கிறது: 2022 முதல் தொல்லியல் துறை அகழ்ந்த வைப்பாற்றங்கரை வெம்பக்கோட்டையில் சுடுமண் உருவங்கள் கிடைத்துள்ளன. மைக்கோட்டுக்கும் ஊரிலேயே ஒரு கதை உண்டு: சாத்தூர் பேனா நிப்பு செய்த ஊர். பால்பாயின்ட் பேனா வந்தபின் அந்தத் தொழில் ஒடுங்கியது. ஆனால் அழுத்தினால் தடித்து, விட்டால் மெலியும் மைக்கோட்டுக்கு நிப்பு மாதிரி இன்னொரு கருவி இல்லை.

ஆசிரியர், தேர்வு

2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டம், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 100 பேருக்கு மேல் படிக்கும் பள்ளியில் கலைக்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. தமிழக அரசு 2012இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. வாரத்தில் மூன்று அரைநாள் வேலை. தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். சம்பளம் பிறகு உயர்ந்தாலும் பணி நிரந்தரத்துக்கான போராட்டம் ஓயவில்லை. மாணவர் ஒருவர் தன் ஓவிய ஆசிரியரை வாரத்தில் சில நாட்கள் மட்டுமே பார்ப்பதற்குக் காரணம் இதுதான். மூன்று அரைநாளில் ஒரு பள்ளிக்கே கண்ணைத் திறந்துவிடும் ஆசிரியர்களுக்கு அந்தச் சம்பளம் நியாயமே இல்லை.

2022-23இல் தொடங்கிய அரசுப் பள்ளிக் கலைத் திருவிழா பள்ளியிலிருந்து மாநில அளவு வரை போட்டிகளுக்கு வழி திறந்தது. ஓவியத்தைத் தொடர விரும்புவோர் அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வில் 'லோயர்', 'ஹையர்' என்ற இரு படிகளை எழுதலாம். சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசுக் கவின்கலைக் கல்லூரிகள் உள்ளன.

தாள்

இந்த வட்டாரத்துப் பிள்ளைகளின் கைக்குத் தாளும் பசையும் புதிதல்ல. 1923இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்றுவந்த தீப்பெட்டித் தொழில் பரவியபின், பல தலைமுறைப் பிள்ளைகள் தீப்பெட்டி ஆபீசிலும் வீட்டுத் திண்ணையிலும் பெட்டி ஒட்டியே வளர்ந்தார்கள். கோவில்பட்டிப் பக்கத்து எழுத்தாளர் பூமணி இயக்கிய 'கருவேலம் பூக்கள்' அவர்களைப் பற்றிய படம். 14 வயதுக்கு உட்பட்டோர் இந்தத் தொழிலில் வேலை செய்வதை 1986ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

சிவகாசியில் ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கன்று புதிய காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். அதையொட்டி அச்சகங்களில் நிறம் விலகிய தாள்கள் மிஞ்சும். ஒரு பக்கம் மட்டுமே அச்சானவை அவை. ஓவிய நோட்டு வாங்க முடியாத பிள்ளைக்கு அந்தத் தாளின் பின்பக்கம் போதும். வழவழப்பில்லாத தாளாகப் பார்த்து எடுத்தால் பென்சில் நன்றாகப் பிடிக்கும்.