எழுபதாயிரம் டொலருடன் வந்த மூன்று ஆலோசனைகள்

புதிய தொழில் முயற்சிகளின் வரலாற்றைப் பேசுவோர் தவறாது எடுத்துக்காட்டும் கணக்கொன்று உண்டு. 1957ஆம் ஆண்டு அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் இயங்கிய முதலீட்டு நிறுவனமொன்று, வணிக அனுபவம் எதுவுமில்லாத இரண்டு இளம் பொறியியலாளர்களுக்கு 70,000 டொலர் கொடுத்து, அவர்கள் தொடங்கவிருந்த கம்பனியின் 70 சதவீதப் பங்கைப் பெற்றுக்கொண்டது. பதினைந்து ஆண்டுகளுக்குள் அந்தப் பங்கின் பெறுமதி 350 மில்லியன் டொலரைத் தாண்டியது. ஒன்று ஐயாயிரமாகப் பெருகிய இந்தக் கதை பெரும்பாலும் பணத்தின் கதையாகவே சொல்லப்பட்டு வருகிறது. எனக்கோ அதில் வேறொரு கதையே முக்கியமானதாகத் தென்படுகிறது. அந்த இளைஞர்களின் கைக்குக் கிடைத்த பணம் வாடகைக்கும் சம்பளத்துக்கும் விரைவிலேயே கரைந்துவிடக் கூடியது. பணத்துடன் கூடவே அவர்களுக்குக் கிடைத்த மனிதரின் தொடர்போ முப்பது ஆண்டுகள் நீடித்தது.

அவர் பெயர் ஜோர்ஜ் டோரியோ. 1899ஆம் ஆண்டு பாரிஸில் பிறந்தவர். தந்தையார் பேஜோ மோட்டார் நிறுவனத்தின் ஆரம்பகாலப் பொறியியலாளர்களில் ஒருவர். முதலாம் உலகப் போரில் பிரெஞ்சுப் பீரங்கிப் படையில் பணியாற்றிய டோரியோ, 1921இல் அமெரிக்கா சென்று ஹார்வாட் வணிகக் கல்லூரியில் சேர்ந்தார். பின்னர் அங்கேயே பேராசிரியராகி, 1966 வரை கற்பித்தார். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படையின் வழங்கல் பிரிவில், போர்வீரரின் சப்பாத்து, உடை, உணவுப் பொதி முதலியவற்றை ஆராய்ந்து மேம்படுத்தும் பொறுப்பை ஏற்று, பிரிகேடியர் ஜெனரல் நிலைக்கு உயர்ந்தார். போர் முடிந்து பல ஆண்டுகளின் பின்னரும் மாணவர்களும் தொழிலதிபர்களும் அவரை ‘ஜெனரல்’ என்றே அழைத்தனர்.

அக்காலத்தில் புதிதாகத் தொழில் தொடங்க விரும்பிய ஒருவருக்குப் பணம் கொடுப்பது வங்கிகளின் வழக்கமல்ல. ரொக்பெல்லர், விற்னி போன்ற பெருஞ்செல்வக் குடும்பங்கள் தம் விருப்பத்துக்கேற்பச் சிலருக்கு உதவியதுண்டு. இந்நிலையை மாற்றும் நோக்குடன் 1946இல் தொடங்கப்பட்டதே ‘அமெரிக்கன் ரிசேர்ச் அன்ட் டிவெலொப்மென்ட்’ என்னும் நிறுவனம். பொஸ்டன் மத்திய ஒதுக்க வங்கியின் தலைவராயிருந்த ரல்ஃப் பிளாண்டர்ஸ், எம்.ஐ.டி. எனப்படும் மசாசுசெற்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியின் தலைவர் கார்ல் கொம்ப்ரன் ஆகியோர் அதன் தோற்றத்துக்குக் காரணமாயிருந்தனர். அதை ஏறத்தாழ கால் நூற்றாண்டு வழிநடத்தியவர் டோரியோ.

இந்த நிறுவனத்தின் கதவை 1957இல் தட்டிய இருவர் கென் ஒல்சனும் ஹார்லன் அண்டர்சனும். இருவரும் எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வுகூடத்தில் பணியாற்றியவர்கள். ஒல்சனுக்கு அப்போது வயது 31. அண்டர்சன் அவரைவிட இளையவர். ஒரு கூடம் முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்ற அன்றைய கணினிகளுக்கு மாறாக, ஒரு மனிதர் எதிரே அமர்ந்து நேரடியாக இயக்கக்கூடிய சிறிய, வேகமான, மலிவான இயந்திரத்தை உருவாக்க முடியும் என்பதை அவர்கள் ஆய்வுகூடத்திலே கண்டிருந்தனர். அதனைச் சந்தைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதே அவர்களது ஆசை.

பணம் வழங்குவதைத் தீர்மானிக்கும் பணிப்பாளர் சபையின் முன் தோன்றுவதற்கு முன்னதாக, டோரியோவின் அலுவலகத்தார் அவர்களுக்கு மூன்று ஆலோசனைகளைக் கூறினர் என்று ஒல்சன் பிற்காலத்தில் பல மேடைகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். முதலாவது, கணினி என்ற சொல்லை உச்சரிக்க வேண்டாம். கணினி செய்து எவரும் பணம் சம்பாதிக்கவில்லை என்று வணிகச் சஞ்சிகையொன்று எழுதியிருந்த நேரம் அது. இரண்டாவது, 5 சதவீத இலாபம் என்று வாக்களிக்க வேண்டாம். அவ்வளவு குறைந்த இலாபத்துக்காக எவர் தம் பணத்தை ஆபத்தில் இடுவார்? 10 சதவீதம் என்று சொல்லுங்கள். மூன்றாவது, இலாபம் விரைவில் வரும் என்று கூறுங்கள். சபையினரில் பெரும்பாலோர் எண்பது வயதைக் கடந்தவர்கள்.

மூன்றாவதைக் கேட்டுச் சிரிக்காதவர் இருக்க முடியாது. எனினும் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். இவற்றில் ஒன்றுகூடப் பொறியியல் பற்றியதல்ல. மின்சுற்றுக்களைப் பற்றி அந்த இளைஞர்களுக்குத் தெரிந்ததில் நூறில் ஒரு பங்குகூட ஆலோசனை கூறியவர்களுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் பணம் வைத்திருப்பவர் எதற்கு அஞ்சுகிறார், எந்தச் சொல்லைக் கேட்டால் முகம் சுளிப்பார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தன் துறையில் மூழ்கியிருப்பவரின் கண்ணுக்கு அந்த உலகம் தெரிவதில்லை.

‘டிஜிட்டல் கொம்பியூட்டர்’ என்று வைக்க எண்ணியிருந்த பெயர் ‘டிஜிட்டல் இக்யூப்மென்ட் கோர்ப்பரேஷன்’ என்று மாறியது. மேனார்ட் என்னும் சிற்றூரில், பழைய கம்பளி ஆலையொன்றின் ஒரு பகுதியை வாடகைக்குப் பெற்று வேலையைத் தொடங்கினார்கள். ஆய்வுகூடங்களுக்குத் தேவையான மின்சுற்றுப் பலகைகளைச் செய்து விற்றார்கள். முதலாண்டிலேயே சிறிய இலாபம் கிடைத்தது. அந்தக் கணக்கை எடுத்துச் சென்று காட்டியபோது டோரியோ மகிழவில்லை என்றும், இவ்வளவு விரைவில் வெற்றி கண்டவர் எவரும் தப்பிப் பிழைத்ததைத் தாம் கண்டதில்லை என்று கூறினார் என்றும் ஒல்சன் சொல்லியிருக்கிறார்.

ஆலோசனை இங்கே தன் வேலையைச் செய்துவிட்டதைக் கவனிக்க வேண்டும். கணினி செய்யும் கனவைக் கைவிடுமாறு எவரும் அவர்களிடம் கேட்கவில்லை. கனவுக்குச் செல்லும் படிகளின் வரிசை மட்டும் மாற்றப்பட்டது. பலகை விற்ற வருமானமும், அதில் தேர்ந்த கையும் இருந்ததனால், 1959இன் இறுதியில் பிடிபி-1 என்ற இயந்திரத்தை அவர்களால் காட்சிக்கு வைக்க முடிந்தது. பெருங்கணினிகள் பத்து இலட்சம் டொலரும் அதற்கு மேலும் விலைபோன காலத்தில் அதன் விலை 120,000 டொலர். அப்போதும் அதனைக் கணினி என்று அழைக்கவில்லை. ‘நிரல்வழித் தரவுச் செயலி’ என்ற பொருளில்தான் பிடிபி என்று பெயரிட்டனர். 1965இல் 18,000 டொலருக்கு வெளிவந்த பிடிபி-8, சிறுகணினி என்ற புதியதொரு வகையையே உலகச் சந்தையில் நிலைநிறுத்தியது. அடுத்த ஆண்டு கம்பனியின் பங்குகள் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தன.

70 சதவீதப் பங்கை வைத்திருப்பவர் உண்மையில் கம்பனியின் உரிமையாளர். ஒல்சனை அகற்றிவிட்டு அனுபவமுள்ள முகாமையாளர் ஒருவரை அமர்த்தும் அதிகாரம் டோரியோவின் நிறுவனத்துக்கு இருந்தது. அதைப் பயன்படுத்தவில்லை. இரண்டாந்தர யோசனையுடன் வரும் முதல்தர மனிதரையே, முதல்தர யோசனையுடன் வரும் இரண்டாந்தர மனிதரிலும் பார்க்கத் தாம் விரும்புவதாக டோரியோ சொல்வது வழக்கம். தாம் முதலிட்ட கம்பனிகளைப் பிள்ளைகளுக்கு ஒப்பிட்டு அவர் பேசியதும் உண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டதும் எவரும் அதனை விற்றுவிட எண்ணுவதில்லை அல்லவா? கட்டளையிடும் வல்லமை இருந்தும் கேள்வி கேட்பதோடு நின்றுகொள்பவரிடத்தில்தான் இளையவர் தம் குழப்பங்களை மறைக்காமல் வெளியிடுவார்.

பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவன் என்ற முறையில் இது எனக்குப் புதியதல்ல. ஆசிரிய பீடத்தில் இரண்டு விதமான மூத்தவர்களின் கீழ் பணியாற்றியிருக்கிறேன். ஒருவகையினர் எமது பிரதியை வாங்கிச் சிவப்பு மையினால் முழுவதையும் தாமே மாற்றி எழுதி அச்சுக்கு அனுப்பிவிடுவர். மறுநாள் பத்திரிகையில் வருவது அவர்களுடைய எழுத்தே. மற்றவகையினர் பிரதியைப் படித்துவிட்டு, “தம்பி, இதை உமக்குச் சொன்னவருக்கு இதனால் என்ன நன்மை?” என்று ஒரேயொரு கேள்வியைக் கேட்டுத் திருப்பித் தருவர். திருத்தி எழுதியவர்களின் பிரதிகள் பழைய தாள்களோடு போய்விட்டன. அந்தக் கேள்வியை நான் இன்றும் என்னிடமே கேட்டுக்கொள்கிறேன்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாது விடுவது நியாயமாகாது. 70,000 டொலருக்கு 70 சதவீதம் என்பது மிகக் கடுமையான பேரம். இன்றைய நிறுவனர் எவரும் அதற்கு இணங்கமாட்டார். வழிகாட்டியே பெரும் பங்காளியாகவும் இருக்கையில், அவரது சொல்லில் எவ்வளவு பரிவு, எவ்வளவு வட்டி என்று பிரித்தறிவது எளிதல்ல. அதுபோல, எந்த வழிகாட்டியாலும் எல்லாவற்றையும் காப்பாற்றிவிட முடியாது. கம்பனியைச் சேர்ந்து தொடங்கிய அண்டர்சன், ஒல்சனுடன் ஏற்பட்ட பிணக்கின் பின் 1966இல் வெளியேறினார். அந்த நட்பை டோரியோவின் நிழலும் காக்கவில்லை.

பிற்காலக் கதையையும் சுருக்கமாகக் கூறவேண்டும். 1980களில் டிஜிட்டல் கம்பனி ஐ.பி.எம்.முக்கு அடுத்த பெரிய கணினி நிறுவனமாயிற்று. அதன் உச்சத்தில் ஒரு இலட்சத்து இருபதாயிரம் பேர்வரை அங்கு பணியாற்றினர். 1986இல் போர்ச்சூன் சஞ்சிகை, அமெரிக்க வணிக வரலாற்றிலேயே மிக வெற்றிகரமான தொழில் முனைவர் என்று சொல்லத்தக்கவராக ஒல்சனைப் போற்றியது. ஆனால் தனியாள் கணினிகளின் காலத்தை அந்தக் கம்பனி சரியாக எதிர்கொள்ளவில்லை. 1982இல் ஒன்றோடொன்று பொருந்தாத மூன்று வகை இயந்திரங்களை ஒரே நேரத்தில் வெளியிட்டுத் தன் பலத்தைத் தானே சிதறடித்தது. அடுத்த ஆண்டு, அதன் இயந்திரங்களின் சிற்பி எனப் பெயர்பெற்ற கோர்டன் பெல் விலகிச் சென்றார். டோரியோ 1987இல் காலமானார். நட்டங்கள் குவிந்த நிலையில், முப்பத்தைந்து ஆண்டுகள் தலைமை வகித்த ஒல்சன் 1992இல் பதவி துறக்க நேர்ந்தது. 1998இல் கொம்பக் நிறுவனம் டிஜிட்டலை விலைக்கு வாங்கியது. ஒல்சன் 2011இல் மறைந்தார்.

டோரியோ இறந்ததனால்தான் கம்பனி வீழ்ந்தது என்று எழுதினால் அது நல்ல கதையாகலாம்; வரலாறாகாது. 1982இன் தவறு நிகழ்ந்தபோது அவர் உயிருடன்தான் இருந்தார். வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. 1957இல் ஒல்சனிடம் பணமில்லை, பெயரில்லை. கம்பனியின் பெயரையே மாற்று என்று சொன்னாலும் கேட்க வேண்டிய நிலை. 1986இல் சஞ்சிகையின் அட்டையில் அவரது முகம். அந்த முகத்தைப் பார்த்து ‘இது வேண்டாம்’ என்று சொல்லவும், சொன்னபின் கேட்கப்படவும் யாருக்கு இயலும்?

திருக்குறளில் ‘பெரியாரைத் துணைக்கோடல்’ என்னும் அதிகாரத்தை நாமெல்லோரும் பாடசாலையில் படித்திருக்கிறோம். அது இளையோருக்கான புத்திமதி என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆனால் வள்ளுவர் அதனைப் பொருட்பாலில், அரசனுக்குரிய இயல்களைக் கூறும் பகுதியிலே வைத்திருக்கிறார். பெரியவரின் துணை, தொடங்குகிறவனுக்கு எப்படியும் தேவைப்படும். அதை அவனே தேடிச் செல்வான். தேடிச் செல்லுமாறு சொல்லவேண்டியிருப்பது அரியணையில் அமர்ந்துவிட்டவனுக்கே.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் எம்மவரின் அடுத்த தலைமுறை இன்று துணிந்து தொழில் தொடங்குகிறது. முதலுக்குக் கைகொடுக்க மாமாவோ சித்தப்பாவோ ஊர்ச் சங்கத்து நண்பரோ முன்வருகின்றனர். அந்த உறவின் அருமையை நான் குறைத்துக் கூறவில்லை. பணம் கொடுத்த மறுநாள் கல்லாப்பெட்டியருகே கதிரை போட்டு அமராமலும், பிழை கண்ட இடத்தில் வாய்மூடி இராமலும் இருக்க அவர்கள் பழகிக்கொண்டால், அது கொடுத்த பணத்திலும் பெரிய முதலாகும். தொழில் தொடங்கும் பிள்ளைகளும், கணக்கு இலாபத்தில் நிற்கும் ஆண்டிலேயே அப்படியொருவரின் வீட்டுக்குக் கணக்குப் புத்தகத்துடன் ஒருமுறை போய்வரவேண்டும். நட்டத்தில் போனால் ஆறுதல்தான் கிடைக்கும். இலாபத்தில் போனால், ஒல்சனுக்குக் கிடைத்ததைப் போன்ற ஓர் எச்சரிக்கை கிடைக்கக்கூடும்.